பாயசம் ஊற்றிய திங்கட்கிழமை

மெட்டுகுடா தண்ணீர்த் தொட்டியின் மேல் ஆணை, சிக்கந்தராபாத் லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பின் காலைச் சங்கின் மேல் ஆணை, இங்கே சொல்லப்படுவதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கூட்டிச் சொல்லவில்லை. ஓரிரு இடத்தில் குறைத்துச் சொல்லியிருந்தால், நம்புகிறவர்களுக்குச் சிரமம் வேண்டாமே என்ற நல்லெண்ணம்தான் காரணம்.

அந்த ஒர்க்ஷாப்பின் சார்ஜ்மேன் நடேசனின் மகன் பாலச்சந்திரன் பி.எஸ்ஸி. கடைசி வருடத்தில் தேறவில்லை. பத்திரிகையில் 2318 என்ற எண்ணைத் தேடி நடேசன் மூன்று பேருடைய மூக்குக்கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். 2317 இருந்தது. 2319 இருந்தது. நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தது. அதைப் பார்த்து அன்று அவர் உட்கார்ந்தவர்தான்.

அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகத்தின் படியேறிய முதல் ஆள் பாலச்சந்திரன். ஊருக்கு வடக்கே இருந்த மின்னணுத் தொழிற்சாலையில் அவனைப் பயிற்சிப் பணியாளாக எடுத்துக்கொள்வதாகக் கடிதம்கூட வந்துவிட்டது. பட்டம் மட்டும் கொண்டு வர வேண்டும். செப்டம்பரில் மறுபடி எழுதித் தேறினாலும் இடம் காத்திருக்கும். அதற்கான விண்ணப்பம் இந்தத் திங்கட்கிழமை மாலை நாலு மணிக்குள் கல்லூரியில் சேர வேண்டும். நாலே கால் என்றால் இல்லை. செப்டம்பர் போனால் வேலையும் போச்சு.

ஞாயிற்றுக்கிழமை நடேசன் ஏ.எஸ்.ராவ் நகருக்கு பஸ் ஏறினார். அங்கே அவருடைய பால்ய நண்பர் தேவசகாயம் இருக்கிறார். குடியாத்தம் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒருவர் இன்ஜினீயர் ஆனார், ஒருவர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் சுத்தியல் எடுத்தார். தேவசகாயத்தின் மகளும் அதே வருடம்தான் பரீட்சை எழுதினாள், முதல் வகுப்பு.

அந்த வீட்டுக் கேட்டில் ஒரு பலகை தொங்கியது. 'பரீட்சை நேரம். விருந்தினர்கள் மன்னிக்கவும்.' பரீட்சை முடிந்து இரண்டு மாதம் ஆகியும் அதைக் கழற்றவில்லை. பிடித்துப்போயிருக்கும். உள்ளே பெண்ணுக்குத் தனி அறை, தனி மேசை, தனி விளக்கு. வீட்டில் எல்லோரும் பூனைபோல நடந்தார்கள். பூனை மட்டும் இன்னும் மெதுவாக நடந்தது.

தேவசகாயம் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"பையன் மக்கு இல்லடா, நடேசா. பாலு பெயில் ஆவல. உன் வீடு பெயிலாயிட்ச்சு."

திரும்பி வரும் பஸ்ஸில் நடேசன் டிக்கெட் வாங்க மறந்தார். கண்டக்டரும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்க மறந்தார்.

*

வீடு பெயிலானதா என்றால், நடேசன் வீடு வீடே இல்லை. இரண்டு அறை ரயில்வே குவார்ட்டர்ஸ் அது. ஆனால் வட ஆற்காட்டிலிருந்து வேலை தேடி, வைத்தியம் தேடி, மாப்பிள்ளை தேடி, ஓடிப்போன மாப்பிள்ளையைத் தேடி ஹைதராபாத் வருகிற எவரும் சிக்கந்தராபாத் ஸ்டேஷனில் இறங்கிப் படுக்கைச் சுருளைக் கீழே வைத்தால், ரிக்‌ஷாக்காரர்கள் எங்கே என்று கேட்பதில்லை. நேராக நடேசன் வாசலில் இறக்கிவிடுவார்கள். நாக்பூருக்குப் போக வேண்டிய ஒருவர் காபி குடிக்க இறங்கி, அப்படி இறக்கிவிடப்பட்டு, எட்டு மாதம் இருந்து, காலனியிலேயே பெண் பார்த்துக் கல்யாணமும் முடித்துப் போனார். எழுபத்தொன்றாம் வருட மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வந்தவருக்கு அந்த வீட்டை எண்ணி முடிக்க மூன்று நாள் பிடித்தது. நாலாம் நாள் தன்னையும் சேர்த்து எழுதிக்கொண்டார்.

இந்தச் சந்தையில்தான் பாலச்சந்திரன் படித்தான். காலனிக்குப் பின்னால் பக்கத் தண்டவாளத்தில் ஓட்டை உடைசல் ரயில் பெட்டிகள் நிற்கும். கழித்துக்கட்டிய மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றில் உட்கார்ந்து ஒருநாள் ஒளியியல் படித்தான். லென்ஸ் பாடம் முடிந்து தலைநிமிர்ந்தபோது எண்பது மைல் தள்ளியிருக்கும் காஜிப்பேட்டை வந்திருந்தது. பெட்டியை இழுத்துப்போன ஷண்டிங் எஞ்சின்காரர் ஆள் இருப்பதைக் கவனிக்கவில்லை. திரும்பி வரும்போது முப்பட்டகப் பாடத்தையும் முடித்தான்.

ஆனால் ஒரு விஷயம். அந்த வீட்டில் யாரையும் 'எப்போ ஊருக்கு?' என்று கேட்டதே கிடையாது. அது பாவம். போகிறவர் தானாகச் சொல்ல வேண்டும். சொன்ன நாளில், கடைசிச் சாப்பாட்டில், நடேசன் மனைவி நாகம்மா ஒரு டம்ளர் பாயசம் ஊற்றுவாள். வெல்லமும் பயத்தம்பருப்பும் போட்ட பாயசம். மற்ற நாளில் தீபாவளியே வந்தாலும் அந்த வீட்டில் பாயசம் கிடையாது, போளிதான். பாயசம் என்றால் வழியனுப்பு. காலனி முழுக்கத் தெரிந்த சங்கதி.

திங்கட்கிழமை காலை நடேசன் அடுப்படி வாசலில் வந்து நின்றார். ஒர்க்ஷாப்புக்கு லீவு சொல்லியாகிவிட்டது.

"நாகம்மா. மத்தியானம் பாயசம் வெச்சுடு."

"யாரு கெளம்பறாங்க?"

நடேசன் கூரையைப் பார்த்தார்.

"ஏங்க, உங்களத்தான். யாரு கெளம்பறாங்கன்னேன்."

"பெரிய குண்டால வையி."

நாகம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னா பேசறீங்க நீங்க? யாராச்சும் போறேன்னு சொன்னாங்களா? கேக்காம ஊத்தற பாயசம் பாயசமா அது? வெசம்!"

"பையன் செப்டம்பர்ல எழுதணும். இந்தக் கூச்சல்ல எழுதி கிழிச்சது போதும். என் பெருமைக்கு ஊரையே கூட்டி வெச்சுகினு, பெத்த புள்ளைய ரயில் பெட்டியில தொரத்தி வுட்டேன். நான்தான் வுட்டேன்."  பெரிய குண்டானை எடுத்து அவள் முன் வைத்தார். "வையி."

"வெக்கறேன். என் கையால ஊத்த மாட்டேன்."

*

பத்து மணிக்குத் தபால்காரர் வந்தார். அந்த வீட்டுக்கு வரும் தபாலுக்கு அவர் தனிப் பை வைத்திருந்தார். அன்று அதில் ஒரே ஒரு பழுப்புக் கவர். மேலே பல்கலைக்கழகத்தின் முத்திரை. மார்க் மெமோ, அதாவது மதிப்பெண் பட்டியல்.

நடேசன் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாலச்சந்திரன் உள்ளேயிருந்து வேகமாக வந்தான். வேட்டியை மடித்துக் கட்டியபடி நின்று கையை நீட்டினான்.

"குடு நைனா. எனக்குத்தான் வந்துகிது."

"தெரியும்."

"குடு."

நடேசன் கவரைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் போட்டார். "இத நானும் பிரிக்க மாட்டேன், நீயும் பிரிக்காத. பேப்பர்லயே போட்டாச்சு. எத்தினி மார்க்குல போச்சுன்னு வேற பாக்கணுமா? என் கண்ணெதிர்ல நீ தலைகுனியறத நான் பாக்க மாட்டேன்டா. செப்டம்பர் பாஸானப்புறம் ரெண்டு பேருமா இத அடுப்புல போடலாம்."

"நைனா, அதுல இன்னா கீதுன்னா..."

அப்போது கல்பகம் வாசலுக்கு வந்தாள். ஆரணிக்காரி. நாலு வயசுப் பெண் குழந்தையின் இருதயத்தில் ஏதோ ஓட்டை என்று சொல்லி ஆஸ்பத்திரியில் காட்ட வந்தவள், ஐந்து மாதமாக இருக்கிறாள். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. அவளைக் கண்டதும் பாலச்சந்திரன் வாயை மூடிக்கொண்டான். தண்ணீர்க் குழாயை யாரோ இறுக்கி மூடினாற்போல.

"ஒண்ணுமில்ல. ஃபாரத்த நானே போய்க் குடுத்துக்கறேன். நீ வர நக்கோ, வேணாம். பாப்பா மருந்து தீந்து போச்சு, வாங்கிகினு மூணு மணிக்குள்ள வந்துடறேன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பார்த்தீர்களா என்று நடேசன் தண்ணீர்த் தொட்டியிடம் முறையிட்டார். தலைமேல் வெள்ளம் போகிறது, பையன் ஊரார் பிள்ளைக்கு மருந்து வாங்கப் போகிறான். இப்படித்தான் எல்லாப் பரீட்சைக்கும் போயிருப்பான். எத்தனை தடவை! இயற்பியல் மூன்றாம் தாள் பங்குனி உத்திரத்தன்று விழுந்தது. அன்று விடியற்காலையிலேயே வீட்டில் காவடிப் பாட்டு, மேளம், இருபது பேர் குளியல். நடேசன் பையன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, வீட்டையே லாரியில் ஏற்றிக்கொண்டு பத்மாராவ் நகர் முருகன் கோயிலுக்குப் போனார். குழந்தைக்கு உடம்பு சுடுகிறது என்று கல்பகம் மட்டும் வீட்டில் இருந்தாள். அந்த மேளச் சத்தத்தில் எந்தப் பிள்ளை எந்தச் சமன்பாட்டை நினைவு வைத்திருக்கும்? முருகனுக்குக்கூட அன்று தலைவலி வந்திருக்கும்.

*

மத்தியானம் கூடத்தில் ஐந்து இலை போட்டார்கள். குடியாத்தத்து லுங்கி வியாபாரிகள் இரண்டு பேர், ஸ்ரீனிவாசன், கல்பகம், குழந்தை.

ஸ்ரீனிவாசன் வாலாஜாக்காரர். மூன்று நாள் நேர்முகத் தேர்வுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பொது அறிவுப் புத்தகத்தை உரக்கப் படிப்பார். கேட்டுக் கேட்டு எதிர்வீட்டுக் கிளி நாற்பத்தெட்டு நாடுகளின் தலைநகரங்களை ஒப்பிக்கும். அதில் இரண்டு தப்பு. அந்த இரண்டும்தான் ஸ்ரீனிவாசனுக்கு எல்லாப் பரீட்சையிலும் வந்தன.

சாம்பார் முடிந்தது. ரசம் முடிந்தது. நாகம்மா உள்ளே போனவள் வரவில்லை. நடேசன் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

வாசனைதான் முதலில் வந்தது. வெல்லம், ஏலக்காய். லுங்கி வியாபாரிகளில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். மற்றவர் இலையைப் பார்த்தார்.

"இன்னா விசேசம், அண்ணே?" என்றார் ஸ்ரீனிவாசன். சிரிப்பதா வேண்டாமா என்று அவர் உதடு கேட்டுக்கொண்டிருந்தது. "யாரு ஊருக்குப் போறாங்க?"

நடேசன் கரண்டியை எடுத்தார். முதல் டம்ளரை நிரப்பினார். ஸ்ரீனிவாசன் எதிரே வைத்தார். அடுத்தது, அடுத்தது. ஒவ்வொரு டம்ளரைச் சுற்றியும் ஒரு வட்டம் சிந்தியது. வாழ்நாளில் அவர் பெரிய எஞ்சின்களைக் கிரேனில் தூக்கி ஒரு நூல் பிசகாமல் தண்டவாளத்தில் இறக்கியவர். ஐந்து டம்ளர் பாயசத்தை அவரால் சிந்தாமல் ஊற்ற முடியவில்லை.

ஸ்ரீனிவாசன் டம்ளரை எடுத்து, மருந்து குடிப்பதுபோல் ஒரே மூச்சில் குடித்தார்.

குழந்தை மட்டும் டம்ளரை நக்கிவிட்டு நீட்டியது.

"மாமா, இன்னொண்ணு."

அந்த வீட்டில் வழியனுப்புப் பாயசத்தை யாரும் இரண்டாவது தடவை கேட்டதில்லை. கல்பகம் குழந்தையின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"போதும் கண்ணு. ஒண்ணுதான் குடுப்பாங்க."

*

ரயில்வேக்காரர் என்பதால் அதையும் ஒழுங்காகச் செய்திருந்தார் நடேசன். மெட்ராஸ் வண்டி நாலரைக்கு. டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லி எல்லோருக்கும் உட்கார இடம். இரண்டரைக்கே வாசலில் மூன்று ரிக்‌ஷா.

ரிக்‌ஷாக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இருபது வருடமாக அந்த வாசலில் ஆட்களை இறக்கிப் பழகியவர்கள். ஐந்து பேரை ஒரே சமயத்தில் ஏற்றிப் பழக்கமில்லை. ஒரு ரிக்‌ஷா பழக்க தோஷத்தில் காலனியை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அதே வாசலில் வந்து நின்றது.

ஸ்ரீனிவாசன் தன் தகரப் பெட்டியைத் தானே தூக்கினார். அலாரம் கடிகாரத்தை மட்டும் ஜன்னல் மேடையில் வைத்தார்.

"தம்பிக்கு. நாலு மணிக்கு வெச்சா எழுப்பிவிடும்."

"நீயே வெச்சுக்கோ, சீனு."

"எனக்கு இனிமே இன்னாத்துக்கு, அண்ணே?" பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "நான் சத்தமா படிச்சது தப்புதான். ஆனா தம்பி ஒரு நாளும் வேணாம்னு சொல்லல. அவன்தான் கூட குந்திகினு கேள்வி கேப்பான். அதான் நான்... சரி. வரேன், அண்ணி!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அடுப்படியிலிருந்து பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் வந்தது.

கடைசியாகக் கல்பகம். ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்தவள், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, நடேசனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணா, கோவமா போறேன்னு நெனச்சுக்காதீங்க. அஞ்சு மாசம் சோறு போட்டீங்க. அதுக்கு மேல, உத்திரத்தன்னிக்குத் தம்பி மட்டும் இல்லேன்னா இந்தக் கொழந்தை..."

நடேசனுக்கு நன்றியைக் கேட்டு நிற்கிற தெம்பு இல்லை. நெஞ்சில் ஏற்கெனவே ஐந்து டம்ளர் பாரம்.

"போம்மா, போம்மா. வண்டிக்கு நேரமாச்சு. சலோ பாய், சலோ!"

ரிக்‌ஷாக்காரன் மிதித்தான். கல்பகம் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னாள். மணிச் சத்தத்தில் கேட்கவில்லை.

*

வீடு காலியாக இருந்தது.

நடேசன் பையனுடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். குழாய் சொட்டுவது கேட்டது. பல்லி கேட்டது. இருபத்திரண்டு வருடம் அந்த வீட்டில் இருந்தவருக்குச் சுவர்க் கடிகாரம் சத்தம் போடும் என்பது அன்றுதான் தெரிந்தது. படிப்பதற்கு அருமையான அமைதி. தேவசகாயம் வீட்டுப் பூனைக்குக்கூடப் பிடிக்கும்.

நாகம்மா வந்து நிலைப்படியில் சாய்ந்தாள்.

"இப்போ பாஸாயிட்ச்சா உங்க வீடு?"

அவர் எழுந்திருப்பதற்குள் வாசலில் சைக்கிள் மணி. பாலச்சந்திரன் மருந்துப் புட்டியோடு உள்ளே வந்தான். கூடத்தைப் பார்த்தான். சுருட்டி வைத்த பாய்கள். ஆணியில் சட்டைகள் இல்லாத சுவர். பிறகு மூலையில் காலிக் குண்டான். அடியில் ஒட்டியிருந்த பருப்பில் நாலு ஈ.

"யாரும்மா ஊருக்குப் போறாங்க?"

நாகம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"எல்லாரும்," என்றார் நடேசன். "அனுப்பிட்டேன்டா. இனிமே உனக்கு ஒரு எடஞ்சலும் இல்ல. ரெண்டு ரூமும் உனக்கே. நானும் உங்கம்மாவும் வராந்தாவுல படுத்துக்கறோம். கேட்டுல பலகைகூட எழுதச் சொல்லிகிறேன்."

"கைக்கு நைனா, ஏன்?" அவன் குரல் எழும்பவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "கைக்கு அனுப்புன? நான் கேட்டேனா? அவங்களால கஷ்டம்னு ஒரு நாள் சொன்னேனா?"

"நீ சொல்லல. நீ சொல்ல மாட்ட. நல்ல புள்ள. அதனாலதான் பெயிலான..."

"பாப்பாவ வியாழக்கிழமை பெரிய டாக்டர் கூட்டியாரச் சொல்லிகிறாரு. அஞ்சு மாசம் காத்துகினு இருந்த தேதி! தெரியுமா உனக்கு?"

நடேசனுக்குத் தெரியாது. கேட்டதில்லை. யார் ஏன் வந்தார்கள் என்று கேட்பதும் அந்த வீட்டில் வழக்கமில்லை.

"எந்த வண்டி?"

"மெட்ராஸ் வண்டி. நாலரை."

பாலச்சந்திரன் மருந்துப் புட்டியைச் சட்டைப் பையில் திணித்தான். மேசையில் கிடந்த விண்ணப்பத்தில் நின்றபடியே கையெழுத்துப் போட்டான். சைக்கிளைத் திருப்பினான்.

"டேய், ஃபாரம்! நாலு மணி!"

"நீ ஜேபுல வெச்சுகிற கவரு இல்லாம அத வாங்க மாட்டாங்க," என்று தெருவிலிருந்து திரும்பாமலே கத்தினான். "நீ ஃபாரத்த எடுத்துகினு காலேஜ் போ. நாலு மணிக்குள்ள அங்க நான் வந்தா நான் குடுக்கறேன். நீ பிரிக்காத. கேட்டியா? பிரிக்காத!"

மூன்று இருபது.

*

அப்துல் ரஹீம் பக்கத்து குவார்ட்டர்ஸ். வாணியம்பாடிக்காரர், ஒர்க்ஷாப்பின் பெயின்ட் ஷாப்பில் வேலை. அவரிடம் ஒரு லாம்பிரெட்டா ஸ்கூட்டர் இருந்தது. அது வலது பக்கம் திரும்பாது. ஏன் என்று எந்த மெக்கானிக்கும் கண்டுபிடிக்கவில்லை. எனவே வலது பக்கம் போக வேண்டுமானால் ரஹீம் மூன்று தடவை இடது பக்கம் திரும்புவார். சிக்கந்தராபாத்தில் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது என்றால் அதுதான் காரணம்.

"இன்னா நடேசா, மூஞ்சி கைக்கு இப்டி கீது? குந்து."

"நாலு மணிக்குள்ள காலேஜ் போவணும், பாய்."

"போலாம். எத்தினி ரைட்டு?"

"ரெண்டு."

"அப்போ ஆறு லெஃப்ட்டு. ஹவ், ஆமா, ஆயிடும்."

முதல் லெஃப்ட்டில் ரஹீம் கேட்டார்: "எல்லாரையும் அனுப்பிட்டியாமே? காலனியே பேசிகினு கீது."

"பையன் படிப்புக்காக."

"ம்." மூன்றாவது லெஃப்ட்டில் ரஹீம் கியரை மாற்றினார். பிறகு சொன்னார்: "எனக்கு ஏழு புள்ளைங்க. வூட்ல விருந்தாளியே கெடையாது. ஏழும் எட்டாங் கிளாஸ் தாண்டல. நான் யார அனுப்பறது, நடேசா?"

நடேசன் பின்னால் உட்கார்ந்து விண்ணப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். சட்டைப் பைக்குள் கவர் முறுமுறுத்தது. அஞ்சு மாசம் காத்திருந்த தேதி. குழந்தை டம்ளரை நீட்டியது. திரும்பக் கூட்டி வந்துவிடுவான். நாலரைக்குள் முடியாவிட்டாலும் வண்டி தாமதமாகும், இந்த ஊரில் எந்த வண்டி சரியாகக் கிளம்பியிருக்கிறது? அவர் பழுது பார்த்த எஞ்சினாகவே இருக்கும். முதல்முறையாகத் தன் வேலை சரியாக இருந்திருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டார்.

கல்லூரி அலுவலகத்துக் கடிகாரத்தில் நாலுக்கு ஏழு நிமிடம் இருந்தது. வாசலைப் பார்த்தார். சைக்கிள் எதுவும் வரவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்துத் தெலுங்கில் கேட்டார்: மெமோ எங்கே? மெமோ இணைக்காமல் எடுத்துக்கொள்ள முடியாது.

"பெயில்தான், சார். அதான் பேப்பர்லயே வந்துட்ச்சே."

எந்தப் பாடத்தில் என்று எழுத வேண்டாமா என்றார் குமாஸ்தா. ஜன்னல் கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டார்.

நடேசன் மறுபடி வாசலைப் பார்த்தார். நாலுக்கு மூன்று நிமிடம். பிரிக்காத என்ற குரல் இன்னும் காதில் இருந்தது. வாக்குக் கொடுத்தவரும் அவர்தான். சட்டைப் பொத்தானைக் கழற்றினார். "என்னை மன்னிச்சிடுடா," என்று கவரிடம் சொன்னார். பக்கத்தில் நின்ற ரஹீம், ஏதோ பெரிய காரியம் என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

கவரைக் கிழித்து, கண்ணை மூடிக்கொண்டே காகிதத்தை ஜன்னல் வழியாக நீட்டினார். பார்க்க மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். எத்தனை குறைந்த மார்க்காக இருந்தாலும் அது பையனுடையது அல்ல. லுங்கி வியாபாரிகளுடையது, விடியற்காலைத் தலைநகரங்களுடையது, காவடி மேளத்துடையது, ஊரைக் கூட்டி உட்காரவைத்த தன்னுடையது.

குமாஸ்தா மேலிருந்து கீழே வரிசையாகப் படித்தார். ஒரு தடவை அவரைப் பார்த்தார். பிறகு மறுபடி, சற்று மெதுவாகப் படித்தார்.

கணிதம் முதல் தாள் எண்பத்தொன்று, இரண்டாம் தாள் எழுபத்தொன்பது, வேதியியல் எழுபத்தாறு, இயற்பியல் முதல் தாள் எண்பத்து நாலு, இரண்டாம் தாள் எண்பத்தெட்டு. பங்குனி உத்திரத்தன்று நடந்த மூன்றாம் தாளுக்கு எதிரே மார்க்கு எதுவும் இல்லை, 'ஆப்சென்ட்' என்று தட்டச்சு செய்திருந்தது.